வெந்த பயறும் வேகாத வரலாறும்

பெங்களூரின் வரலாற்றுக் கூட்டங்களில் ஒரு மூதாட்டி இன்னும் அடுப்பின் முன் அமர்ந்து பயறு வேக வைத்துக்கொண்டிருக்கிறாள். வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளன் அவள் குடிசை வாசலில் பசியோடு வந்து நிற்கிறான். அவள் வெந்த பயற்றை அள்ளிக் கொடுக்கிறாள். பசியாறிய மன்னன் அந்த ஊருக்கு ‘பெந்தகாளூரு’ என்று பெயரிடுகிறான். அதுவே காலப்போக்கில் பெங்களூரு ஆகிறது. அரங்கில் புன்னகை பரவுகிறது, திரையில் அடுத்த படம் வருகிறது. அடுத்த மாதம் வேறொரு பேச்சாளர், வேறொரு அரங்கு. அதே மூதாட்டி, அதே பயறு.

ஓசூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே, பேகூர் நாகேசுவரர் கோவிலில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது என்று கல்வெட்டறிஞர் கணிக்கும் பழங்கன்னடக் கல்வெட்டு அது. மேலைக் கங்கர் காலத்தில் அப்பகுதியை ஆண்ட நாகத்தரனின் வீட்டைச் சேர்ந்த ஒருவன் ‘பெங்களூரு’ப் போரில் மாண்டான் என்று அது சொல்கிறது. வீரபல்லாளன் ஆண்டது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதையடுத்தும். மன்னன் பெயர் சூட்டுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பே அந்தப் பெயருடைய ஊரில் போர் நடந்து, ஆள் செத்து, கல்லும் நட்டாயிற்று. பேத்திக்குப் பிறகு பாட்டி பிறந்தாள் என்று சொன்னால் எந்த அரங்கும் சிரிக்கும். பயற்றுக் கதைக்கு மட்டும் கைதட்டல்.

பெங்களூரின் கல்வெட்டுகள் இரகசியமல்ல. பெங்களூரிலேயே 1837இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ‘எபிகிராபியா கர்னாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியாக 1905இல் வெளியிட்டார். நூற்றிருபது ஆண்டுகளாக நூலகங்களில் இருக்கும் தொகுதி. கன்னட எழுத்தில் மூலமும், உரோமன் எழுத்தில் பெயர்ப்பும், ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் கொண்டது. நகர வரலாறு பற்றி மேடையேறும் ஒருவர் இதைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமையான நிபந்தனை அல்ல.

கல் இல்லாவிட்டாலும் ஒலியியல் போதும். ‘பெந்த’ என்பது தமிழின் ‘வெந்த’ என்பதற்கு நேர் உடன்பிறப்பு. இரண்டும் வே- என்னும் வினையடியிலிருந்து வந்த பெயரெச்சங்கள். ‘பெந்தகாளூரு’ பெங்களூருவாக வேண்டுமானால் தகரம் முழுதாக உதிர வேண்டும், எஞ்சிய நகரம் ஙகரமாக மாற வேண்டும், ‘கா’ குறுக வேண்டும். தனித்தனியே எடுத்தால் எதுவும் உலகில் நடக்காத மாற்றம் அன்று. ஆனால் மூன்றும் நடந்திருந்தால் இடைப்பட்ட ஒரு வடிவமாவது எங்கேனும் ஒரு கல்லில் தங்கியிருக்க வேண்டும். கதைக்கு வேண்டிய வடிவம் எதுவும் தங்கவில்லை. கதைக்கு முந்திய காலத்திலேயே முழுமையாகச் சமைந்த பெயர் மட்டும் இருக்கிறது. வேங்கை மரத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு, காவல் வீரர்களின் ஊர் என்போர் உண்டு. அவற்றில் எதுவும் உறுதிப்படவில்லை. உறுதிப்படவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்லும் துணிவு ஒரு பேச்சாளருக்கு இருக்கலாகாதா?

‘கதைதானே, சுவைக்காகச் சொல்கிறோம்’ என்பது வழக்கமான மறுமொழி. கதை சொல்வதில் குற்றமில்லை. நாட்டார் சொற்பிறப்பு என்பது மொழியியலில் மதிப்புள்ள ஆய்வுப்பொருள். ஒரு சமூகம் தன் ஊர்ப்பெயரின் பொருளை மறந்தபின் அதற்கு எந்தப் பொருளைக் கற்பிக்கிறது, அரசனையும் ஏழைக் கிழவியையும் ஏன் ஒரே அடுப்பின் முன் நிறுத்துகிறது என்று கேட்டால் ஓர் அருமையான மாலை கிடைக்கும். கதையைக் கதையின் இடத்தில் வைத்தால் அதுவே சான்று. பெயர்க்காரணத்தின் இடத்தில் வைத்தால் அது பொய். இந்த வேறுபாட்டைக் கேட்போருக்குச் சொல்லாமல் இருப்பது, அவர்களைக் குழந்தைகள் என்று எண்ணுவது.

பயற்றுக்கு அடுத்தபடி வருவது பிறந்தநாள் நோய். 1537இல் கெம்பேகௌடர் மண்கோட்டையும் பேட்டையும் எழுப்பினார். எனவே நகரம் 1537இல் பிறந்தது. கெம்பேகௌடர் செய்தது மிகப் பெரிய செயல், அதில் ஐயமில்லை. நாற்புறமும் வணிகர்களையும் கைவினைஞர்களையும் குடியேற்றித் தெருக்களை வகுத்து ஒரு சந்தை நகரை உருவாக்கியவர் அவர். கொடிகேஹள்ளிக்கு அருகே ‘ஹளே பெங்களூரு’ என்றொரு சிற்றூர் இருந்தது. அதன் பெயரையே தம் புதிய ஊருக்கும் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ‘பழைய பெங்களூர்’ என்னும் அந்தப் பெயரே, புதியதற்கு முன் ஒன்று இருந்தது என்று கூவிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தின் படவரிசையில் அதற்கு இடமில்லை. பிறந்தநாள் அழைப்பிதழில் ஓர் ஆண்டுதான் அச்சிட முடியும்.

இந்த நோய் பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கரையிறங்கிய 1690 ஆகஸ்டு 24 நகரத்தின் பிறந்தநாளாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் உயர் நீதிமன்றம் சென்றனர். வரலாற்றறிஞர் குழுவின் கருத்தைக் கேட்ட நீதிமன்றம், சார்னாக் நகரின் நிறுவனர் அல்லர், அந்த நாள் பிறந்தநாளும் அன்று என்று 2003இல் தீர்ப்பளித்தது. ஒரு நகரத்துக்குப் பிறந்தநாளே இல்லை என்பதை நிலைநாட்ட நீதிபதிகள் தேவைப்பட்டார்கள்! அடுத்த ஆண்டு, 2004இல், சென்னையில் 1639 ஆகஸ்டு 22ஐ மையமாக்கிய விழா தொடங்கியது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அந்தத் தேதிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்வெட்டோடும் கோவிலோடும் இருந்தவை என்பது விழாக்குழுவினருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் நாள் குறிக்கப்படுகிறது, ஏனென்றால் நாள் இருந்தால்தான் விழா.

மூன்றாவது, கண்டோன்மென்ட் ஏக்கம். சுற்றுமதில், பூச்செடி, ஓட்டுக்கூரை, மரச்சாளர விளிம்பில் செதுக்கு வேலை. அங்கே குடியிருந்த கர்னல், அவர் மனைவி, அவர் நாய். பழைய நிழற்படங்களைச் சேர்த்து வைத்ததற்காக இக்கழகங்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். இடிபட்ட பல வீடுகளுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்தப் படங்கள்தாம். ஆயினும் படத்தின் ஓரத்தில் நிற்கும் தலைப்பாகைக்காரர் யார் என்று எவரும் கேட்பதில்லை. சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் 1809இல் ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் சமையற்காரரும் வண்ணாரும் கொத்தரும் கணக்கரும் வணிகரும் வந்தார்கள். கண்டோன்மென்ட்டின் தெருமொழி நெடுங்காலம் தமிழும் தக்காண உருதுவும். 1947 வரை அது மைசூர் அரசின் ஆளுகைக்கு வெளியே நின்ற நிலம். இரண்டு நகராட்சிகளும் 1949இல்தான் ஒன்றாயின. இன்று பெங்களூரில் நடக்கும் மொழிச் சண்டைகளில் பாதிக்கு இந்த நூற்று நாற்பது ஆண்டுக் கோடுதான் வேர். அதைப் பற்றி ஒரு மாலை பேசலாம். பேசப்படுவதோ மரச்சாளர விளிம்பின் அழகு.

ஆர்க்காட்டிலிருந்து வந்த நாராயணசாமி முதலியார் பெயர் மட்டும் சில வேளை ஒலிக்கும். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர், பின்னர்ப் பள்ளி நிறுவிய வள்ளல். ஒலிக்க வேண்டிய பெயர்தான். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குக் கல்லுடைத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் எங்கே குடியிருந்தார்கள் என்பது எந்த மரபு நடையின் வழித்தடத்திலும் இல்லை. மரபு நடை தொடங்கும் இடம் காப்பிக்கடை, முடியும் இடம் சிற்றுண்டிக்கடை. இடையில் ஒரு மணி நேரம் ஆங்கிலம். நுழைவுக் கட்டணம் செலுத்தி வருவோர் தம்மைப் போன்றவர்களின் மூதாதையரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பேட்டைக்குள் ஒருமுறை நடந்தால் போதும். அக்கிபேட்டை அரிசிக்கு, அரளெபேட்டை பருத்திக்கு, பளெபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு. திகளரபேட்டை திகளருக்கு. இந்தக் கடைசிப் பெயர்தான் மொழியியல் படித்தவரை நிறுத்தி வைக்கும். கன்னடத்தில் ‘திகள’ என்ற சொல் பழங்காலத்தில் தமிழரைக் குறித்தது. பெங்களூரின் மிகப் பெரிய நகர விழாவான கரகத்தைச் சுமப்பவர்கள் தோட்டத்தொழில் மரபினரான இந்தத் திகளரே. தர்மராயர் கோவிலிலிருந்து நள்ளிரவில் புறப்படும் கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்கிறது. ஏரி மூடப்பட்டுக் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தபின்னும், சம்பங்கி ஏரியின் எஞ்சிய ஒரு சிறு குளத்தில் கரகச் சடங்குக்கு நீர் இருக்கிறது. ஒரு விழாவின் வழித்தடத்தில் சாதி, சமயம், மொழி, நீர் எல்லாம் கிடக்கின்றன. கழகங்கள் கரகத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது; ‘சமய நல்லிணக்கம்’ என்று ஒரு வரி சொல்லி, தர்காவின் படத்தைக் காட்டி, முடித்துக்கொள்கிறார்கள். விழாவைச் சுமப்பவர்களின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் அரங்கில் சங்கடம் வந்துவிடும்.

சங்கடம் என்ற சொல்லில்தான் இந்தக் கட்டுரையின் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. பெங்களூரின் இடைக்காலக் கல்வெட்டுகளில் கணிசமானவை தமிழில் உள்ளவை. தொம்மலூர் சொக்கநாதர் கோவிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவ்வூரை அவை ‘தொம்பலூரான தேசிமாணிக்கப் பட்டணம்’ என்கின்றன. கோவிலுக்குக் கதவுநிலை செய்து கொடுத்த செட்டியாரும் அவர் மனைவியும் சேர்ந்தே கல்லில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ‘தேசி’ என்ற சொல் நாடு கடந்து வணிகம் செய்த குழுக்களை நினைவூட்டுவது. இன்று மென்பொருள் நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் தொம்மலூர் அன்றும் வணிகர் ஊர்தான் போலும். மடிவாளம் சோமேசுவரர் கோவிலின் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பேகூர் அதில் வெப்பூர். அதே கோவிலின் மற்றொரு கல்வெட்டு வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாகக் குறிக்கிறது. வெங்கலூர்: பெங்களூர்.

நகரத்தின் பெயரைத் தாங்கிய இத்தனை பழைய ஒரு சான்று, நாள்தோறும் பல்லாயிரம் பேர் நெரிசலில் நின்று புழுங்கும் மடிவாளத்தில், கோவில் சுவரில் இருக்கிறது. அதை ஏன் எந்தக் கூட்டமும் முதற்படமாகக் காட்டுவதில்லை? அச்சம். 1991இல் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த வன்முறையை நகரம் மறக்கவில்லை. அதே ஆண்டில் அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, சென்னையில் சர்வக்ஞர் சிலை வைக்கும் உடன்பாட்டோடு 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இரண்டு மாநிலங்கள் இரண்டு கவிஞர்களைப் பிணைக்கைதிகளைப் போல மாற்றிக்கொண்டன. இந்தச் சூழலில் தமிழ்க் கல்வெட்டைத் திரையில் காட்டினால் யாராவது எழுந்து கத்தக்கூடும். எனவே மூதாட்டியும் பயறும் கர்னலும் நாயும். யாரையும் புண்படுத்தாத வரலாறு. யாருக்கும் பயன்படாத வரலாறும் அதுவே.

கழகங்கள் விட்ட வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அதை நிரப்புவோர் இரு கரையிலும் உண்டு. தமிழ்க் கரையில் மடிவாளக் கல்வெட்டின் படம் ஆண்டுக்கு நாலைந்து முறை வலம் வருகிறது, ‘பார், பெங்களூர் தமிழன் ஊர்’ என்ற தலைப்போடு. பகிர்வோரில் எத்தனை பேர் அதன் இரண்டாவது வரியைப் படித்திருப்பார்கள்? அதற்கு மூன்றரை நூற்றாண்டு முந்திய பேகூர்ப் பழங்கன்னடக் கல் அந்தப் பதிவுகளில் வருவதே இல்லை. கன்னடக் கரையில் பேகூர்க் கல் வரும்; மடிவாளச் சுவர் வராது. இரு தரப்பும் பாதிப் பாதியாக ஒரே வரலாற்றைக் கிழித்து வைத்திருக்கிறார்கள்.

கல்வெட்டின் மொழி ஒரு நிலத்தின் உடைமைப்பத்திரம் ஆகாது. கொடை கொடுத்தவர், பெற்றவர், எழுதியவர், படிக்கவேண்டியவர் ஆகியோருக்கு இடையே ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின் தடயம் அது. சோழர் கங்கநாட்டைக் கைப்பற்றியது ஒரு காரணம் என்றால், சோழர் போனபின்னும் ஹொய்சளர் ஆட்சியிலேயே தமிழ்க் கல்வெட்டுகள் தொடர்ந்தது ஏன்? ஹொய்சளர் கன்னட அரசர்கள். 1254இல் அரசு இரண்டாகப் பிரிந்தபோது கண்ணனூரில் இருந்து தமிழ்ப்பகுதிகளை ஆண்ட வீரராமநாதன், பின்னர்க் குந்தாணியிலிருந்து இன்றைய ஓசூர், பெங்களூர்ப் பக்கங்களை ஆண்டான். அவன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் தொம்மலூரிலேயே உண்டு. ஒரு கன்னட அரசன் தமிழில் ஆணையிட்டான் என்பது தமிழனின் வெற்றியுமன்று, கன்னடனின் தோல்வியுமன்று. இருமொழி நிலம் ஒன்று இருந்தது என்பதன் பதிவு அது.

அந்த இருமொழியம் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது, சொல்லித்தான் ஆகவேண்டும். தமிழ்க் கல்வெட்டு எழுதியவன் ‘பெங்களூரு’ என்று காதில் விழுந்ததை அப்படியே எழுத நினைத்திருந்தால் பகரம் போட்டிருப்பான். தமிழெழுத்தில் அதற்குத் தடையில்லை. அவன் வகரம் போட்டான். சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது பொதுவிதி: தமிழில் வேலி, கன்னடத்தில் பேலி, வில், பில்லு, வேர், பேரு. அந்த விதியை எழுத்தன் இலக்கணமாகக் கற்றிருக்க மாட்டான். நாவிலேயே வைத்திருந்தான் என்று கொள்ள இடமுண்டு. இன்னும் சுவையானது ‘தாமரைக்கிரை’ என்ற ஊர்ப்பெயர். இன்றைய தாவரெகெரே. முற்பாதியில் கன்னடத் ‘தாவரெ’யைத் தாமரையாகப் பெயர்த்தவன், பிற்பாதியில் ‘கெரே’யை ஏரி என்று ஆக்காமல் கன்னடச் சொல்லாகவே விட்டுவிட்டான். பாதி மொழிபெயர்ப்பு, பாதி அப்படியே. ஓசூர்ச் சாலையில் இன்று காய்கறி விற்பவர் பேசும் வாக்கியம் இதே பாங்கில்தான் அமைகிறது.

2025 மே மாதம் சென்னையில் நடந்த ஒரு திரைப்பட விழாவில் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருளில் பேசினார்; படம் கர்நாடகத்தில் திரையிடப்படவில்லை; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வாரங்களில் தமிழில் எழுதியோர் பலர் அவரைத் தழுவிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சொல்: கெம்பேகௌடர். ‘கெம்பு’ சிவப்பு; தமிழின் ‘செம்-’ என்பதற்கு உறவு. இவற்றில் பழையது ககரம். முன்னுயிருக்கு முன் வந்த ககரத்தைத் தமிழ் சகரமாக்கிவிட்டது. கன்னடம் காத்து வைத்திருக்கிறது. தமிழ்ச் செவி, கன்னடக் கிவி. தமிழ்ச் செய், கன்னடக் கெய். கன்னடம் தமிழின் மகள் என்றால் தாய் தொலைத்துவிட்ட ஒலி மகளிடம் எப்படி வந்தது? மறுபக்கம், வேலியின் வகரத்தைத் தமிழ் காத்தது, கன்னடம் மாற்றியது. ஒன்று காத்ததை மற்றது மாற்றியிருக்கிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து தனித்தனி வழியில் வந்த உடன்பிறப்புகள். நிறுவனரின் பெயரில் கன்னடம் பழமையைக் காக்கிறது, வேலியில் தமிழ். இதைப் பத்து நிமிடத்தில் பள்ளி மாணவருக்கும் விளக்கலாம். படம் ஓடாத அந்த வாரங்களில் ஒரு நகர வரலாற்றுக் கழகம் இதற்காக ஒரு மாலையை ஒதுக்கியிருந்தால், குறைந்தது அந்த அரங்கில் இருந்தவர்களாவது வேறு விதமாக வீடு திரும்பியிருப்பார்கள்.

‘நாங்கள் ஆர்வலர்கள், அறிஞர்கள் அல்லர்’ என்று கழகத்தார் சொல்வது உண்டு. பணிவாகத் தோன்றும் இந்த வாக்கியம் பணிவன்று, தப்பித்தல். ஆர்வலர் செய்ய இயலாது என்பது பெங்களூரிலேயே பொய்யாகிவிட்டது. 2018இல் ஹெப்பாளில் வடிகால் தோண்டும்போது வெளிப்பட்ட நடுகல்லை எடுத்துக்கொள்ளலாம். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 750, கிட்டய்யன் என்ற வீரனின் நினைவுக்கல். பேகூர்க் கல்லையும் விடப் பழையது. அது கட்டட இடிபாட்டோடு லாரியில் ஏறாமல் காப்பாற்றப்பட்டது ஆர்வலர்களால். குடியிருப்போர் முயற்சியால் அதற்கு மண்டபமும் எழுந்தது. 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி இந்தத் தன்னார்வலர்களோடு சேர்ந்து நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டிருக்கிறது. அந்தப் பணியில் இறங்கியவர்களில் பலர் கல்வெட்டியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கையில் ஒன்பதாம் தொகுதியை வைத்துக்கொண்டு, ரைஸ் குறித்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், ‘இங்கே ஒரு கல் இருந்ததாமே’ என்று கேட்டார்கள். சில இடங்களில் கல் இருந்தது. பல இடங்களில் சாலையோ அடுக்ககமோ இருந்தது.

அவசரம் இங்கேதான். 1905இல் அச்சேறிய கல்வெட்டுகளில் பல இன்று இடத்தில் இல்லை. சில துணிதுவைக்கும் கல்லாயின, சில வீட்டுப் படியாயின, சில கோவில் திருப்பணியில் மணலை வீசித் தேய்க்கும் இயந்திரத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் இரையாயின. பங்களா இடிந்தால் நிழற்படம் மிஞ்சும். படியெடுக்கப்படாத ஒரு கல் உடைந்தால், அதில் பெயர் பொறித்தவனைப் பற்றி உலகில் எஞ்சும் ஒரே சொல்லும் போயிற்று. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் அரசர்களுடையவை அல்ல. ஏரி வெட்டியவர், மாடு மீட்டு இறந்தவர், விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர் ஆகியோருடையவை. ஒரு கூட்டத்துக்கு வந்த எண்பது பேரில் எட்டுப் பேர் தம் தெருக்கோவிலின் அடித்தளத்தை ஒருமுறை குனிந்து பார்க்கும் வழக்கத்தைப் பெற்றால், அந்த எட்டுக் கோவில்களில் அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது போகும். எண்பது பேருக்கும் கிடைப்பதோ பயறு.

ஏரிகளைப் பற்றி இக்கழகங்கள் மிகுதியாகவே கண்ணீர் விடுகின்றன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகௌடா பேருந்து நிலையம், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் விளையாட்டரங்கம். இவை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். அந்தக் கண்ணீரில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏரி என்பது இயற்கைக் காட்சி அன்று, ஓர் ஏற்பாடு: யார் வெட்டினார், யார் தூர்வாரினார், மதகின் கீழ் யாருடைய நிலம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு. இவை அனைத்தையும் சொல்லும் ஆவணங்கள் கல்வெட்டுகளே. ‘ஏரியின் கீழ்’ என்ற இரண்டு சொல்லுக்குள் மதகும் வாய்க்காலும் நன்செயும் வரியும் இருக்கின்றன. ஏரிக் கரையை ஆக்கிரமித்தவர் மீது வழக்குத் தொடுக்கும் இயக்கத்தாருக்கு 1247ஆம் ஆண்டின் நில எல்லைகள் உணர்ச்சிக்கு மட்டுமன்றி வாதத்துக்கும் உதவக்கூடும். அதைப் படித்துச் சொல்லத் தமிழும் கன்னடமும் தெரிந்தவர்கள் வேண்டும். நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும்போது அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். வாகனங்களைக் காவல் காத்துக்கொண்டு நிற்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பேட்டைகளின் பெயர் பற்றியே ஒரு கேள்வி. பத்தாம் நூற்றாண்டளவில் தொடங்கிக் கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாயிற்று: புலி ஹுலி ஆயிற்று, பள்ளி ஹள்ளி ஆயிற்று, கொடிகேஹள்ளியும் மாரத்தஹள்ளியும் அப்படி வந்தவை. பேட்டை மட்டும் ஏன் ஹேட்டை ஆகவில்லை? மாற்றம் ஓய்ந்தபின் வந்து சேர்ந்த சொல்லா? சந்தையோடு வந்ததா, தெலுங்கோடு வந்ததா, மராட்டியரோடு வந்ததா? 1638 முதல் ஷாஹாஜி பெங்களூரில் இருந்தார். அவர் மகன் ஏகோஜி இங்கிருந்து புறப்பட்டுத்தான் தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். அதற்கும் முந்தியதா அந்தச் சொல்? விடை எளிதன்று. எளிதல்லாத கேள்வி ஒன்றை அரங்கில் வைத்து, மளிகைக்கடைக்காரரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் பழைய பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மீண்டும் கூடலாம். பேச்சாளர் அறிவிப்பதும் அவையோர் வியப்பதும் அல்லாத வேறொரு கூட்ட வடிவம் உண்டு என்பதே பலருக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தை மடிவாளம் கோவிலின் வெளிச்சுவர் ஓரத்தில் வைக்கட்டும். கோவில் நிருவாகத்திடம் முன்னரே சொல்லிவிட்டால் போதும். பழங்கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர், தமிழ்க் கல்லெழுத்தும் கிரந்தமும் படிக்கத் தெரிந்த ஒருவர், அந்தத் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒருவர். திரை வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். பொழுது சாய்ந்தபின் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் வெறுங்கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் நிழலோடு எழும். வெங்கலூர் என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று வந்தவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.